கண்டம் வண்டியும் ஓட்டுநர் இருக்கையும்

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. வாசலில் வேப்பமரம். மரத்தடியில் மரக்கட்டைகளின் மேல் ஒரு மாருதி 800 நிற்கிறது. சக்கரம் இல்லை, கதவுகளில் கண்ணாடி இல்லை. உள்ளே சீட்டு, தரைவிரிப்பு, கூரைத்துணி எதுவும் இல்லை. காயலான் கடைக்குப் போகக் காத்திருக்கும் கண்டம் வண்டி என்றுதான் நானும் நினைத்தேன்.

“இல்ல தோழர், இது ரேசுக்கு” என்றான் உள்ளேயிருந்து வந்த பையன். கையில் கிரைண்டர் மெஷின். வயது இருபது. பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆட்டோமொபைல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஷெட் அவனுடைய தாய்மாமனுடையது. அவர் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் பையனாகத் தொழிலுக்கு வந்தவர். முப்பது வருடம் பிறர் ஷெட்டில் உழைத்து, இப்போதுதான் வாடகை இடத்தில் சொந்தமாகத் தொழில் நடத்துகிறார். இருவருமே பெயர் போட வேண்டாம் என்றார்கள். வாடிக்கையாளர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டால் வேலை வருமா என்பது மாமாவின் கவலை. அந்தக் கவலையே ஒரு செய்திதான்.

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேர கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது நினைவிருக்கும். நம் தெருப் பையன்களின் கைபேசிகளில் ஒரு வாரம் அந்த வீடியோதான் ஓடியது. எண்டூரன்ஸ் ரேஸ் என்ற சொல்லைப் பலர் அப்போதுதான் கேட்டார்கள். தாக்குப்பிடிக்கும் பந்தயம் என்று நாம் சொல்லலாம். யார் முதலில் கோட்டைத் தொடுகிறார் என்பதல்ல கணக்கு, குறித்த நேரத்துக்குள் யார் அதிகச் சுற்று ஓடினார் என்பதே கணக்கு. ஒரே காரை மூன்று நான்கு பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். பெட்ரோல் போட, டயர் மாற்ற, பழுது பார்க்க நிறுத்தும் நேரமும் கணக்கில் சேரும். வேகமாகப் போன வண்டி மூன்றாவது மணியில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டால், பின்னால் நிதானமாக வந்த வண்டி ஜெயித்துவிடும். பிரான்சில் லெ மான்ஸ் என்ற ஊரில் 1923 முதல் நடந்துவரும் 24 மணி நேரப் பந்தயம் இதில் புகழ்பெற்றது. அங்கே ஓடும் கார்களின் விலை நமக்குத் தேவையில்லாத விஷயம்.

நமக்குத் தேவையான விஷயம் அமெரிக்காவில் இருக்கிறது. லெ மான்ஸைக் கிண்டல் செய்து 2006-இல் அங்கே ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ என்று ஒரு பந்தயம் தொடங்கினார்கள். வாங்கி ஏமாந்த ஓட்டை வண்டியை அந்த ஊர்ப் பேச்சில் லெமன் என்பார்கள். விதி எளிமையானது: காரின் விலையும் அதைத் தயார் செய்த செலவும் சேர்ந்து 500 டாலரைத் தாண்டக் கூடாது. நம் பணத்தில் நாற்பதாயிரம் சொச்சம். பாதுகாப்புக் கூண்டு, பெல்ட், பிரேக், டயர் போன்ற உயிர்காக்கும் பொருள்கள் இந்தக் கணக்கில் வராது. திருட்டுத்தனமாக அதிகம் செலவழித்த அணி என்று நடுவர்கள் கருதினால் தண்டனைச் சுற்றுகள் விழும். இன்னொரு வேடிக்கை, அங்கே முதலில் வந்தவருக்குத் தருவதைவிடப் பெரிய கௌரவம் ஒன்று உண்டு. படுமோசமான வண்டியை வைத்துக்கொண்டு அதிகம் சாதித்த அணிக்குத்தான் அது.

பையன் இதைக் கைபேசியில் பார்த்துவிட்டு மாமாவிடம் சொன்னானாம். அவர் சிரித்துவிட்டு, “இதைத்தானேடா நான் தினமும் பண்றேன்?” என்றாராம்.

உண்மைதான். மரத்தடியில் நிற்கும் அந்த மாருதி, பழுது பார்த்த கூலிக்கு ஈடாக உரிமையாளர் விட்டுவிட்டுப் போனது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 விற்கப்பட்டது. 2014-இன் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், எடை ஏறத்தாழ 650 கிலோ. முப்பது வருடம் இந்தியாவெங்கும் ஓடிய வண்டி என்பதால் எந்தப் பாகமும் கிடைக்கும். இங்கே கிடைக்காதது சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். பழைய வண்டிகளைப் பிரித்து ஒவ்வொரு பாகமாக உயிர்ப்பித்து விற்கும் அந்தத் தெருக்கள் ஒரு பல்கலைக்கழகம். பட்டம் மட்டும்தான் தருவதில்லை.

மாமா எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். நீண்ட நேரம் ஓடும் வண்டியைக் கொல்வது முதலில் சூடு. ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுக்க வேண்டும். ஹோஸ் பைப்புகளையும் கிளிப்புகளையும் புதிதாகப் போட வேண்டும். சிலிண்டர் ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்து, புது கேஸ்கெட் வைக்க வேண்டும். ஃபேன் தானாக ஓடும் வரை காத்திருக்காமல் ஓட்டுபவர் கைக்கு ஒரு சுவிட்ச் தர வேண்டும். இரண்டாவது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கலந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. புது ஆயிலும் நல்ல பேடும் வைக்காமல் ஓடவே கூடாது. வீல் பேரிங், கிளட்ச் பிளேட் எல்லாம் அப்புறம்.

மூன்றாவதாக அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது, இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். சில நொடிகள் போதும், பேரிங் உரசிப் போய்விடும். அதைத் தடுக்க ஆயில் சம்புக்குள் தடுப்புத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். இதைப் பையன் புத்தகத்தில் படித்திருக்கிறான். மாமா, மலைப்பாதையில் தாறுமாறாக ஓடிவந்த வண்டிகளின் பேரிங் தேய்ந்த விதத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார். இருவரும் ஒரே தகட்டை ஒரே இடத்தில் வைக்கச் சொன்னார்கள்.

கூண்டு விஷயத்தில் மட்டும் மாமா கண்டிப்பு. கார் உருண்டால் கூரை நசுங்காமல் காப்பது உள்ளே வைக்கும் இரும்புக் கூண்டு. “தண்ணி பைப்புல கூண்டு கட்டுனா அது கூண்டு இல்ல, பாடை” என்றார். தையல் இல்லாத எஃகுக் குழாய் வேண்டும். துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டி எறிந்து, புதுத்தகடு வைத்து, அதில்தான் கூண்டின் கால்கள் நிற்க வேண்டும். பந்தயத்துக்கான சீட், ஐந்து முனை பெல்ட், தீயணைப்பான், வெளியே இருப்பவர் கரண்டைத் துண்டிக்க ஒரு சுவிட்ச், தீப்பிடிக்காத உடை, தலைக்கவசம். பழைய கார் ஓசியில் வந்தாலும் இவை ஓசியில் வராது. வண்டிக்கு ஆகும் செலவைவிட இதற்குப் பல மடங்கு ஆகும். வேலை இந்த இடத்தில்தான் நிற்கிறது.

ஷெட்டில் இன்னொன்றும் பார்த்தேன். சரிசெய்த வாடிக்கையாளர் காரை ஓட்டிப் பார்க்க ஏறும்முன் மாமா சீட்டில் நாளிதழ் விரிக்கிறார். எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான், கிரீஸ் ஒட்டிவிடக் கூடாதல்லவா. ஆனால் அவர் ஒரு பழைய கதை சொன்னார். வேறொரு ஷெட்டில் வேலை பார்த்த காலம். குளித்து, நல்ல சட்டை போட்டு, ஒருவர் வீட்டுக்குக் காரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். உரிமையாளர் பேச்சுவாக்கில் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்திருக்கிறார். பிறகு வேலைக்காரரைக் கூப்பிட்டு ஓட்டுநர் சீட்டைத் துடைக்கச் சொல்லியிருக்கிறார். “அன்னிக்கு என் கையில கிரீஸ் இல்ல” என்றதோடு மாமா நிறுத்திக்கொண்டார்.

வண்டியில் யார் உட்காரலாம், யார் ஓட்டலாம் என்பது இந்த நாட்டில் பழைய வழக்கு. 1901-இல் சிறுவன் அம்பேத்கர் தன் அண்ணனோடும் அக்கா மகன்களோடும் ரயிலிலிருந்து இறங்கி அப்பாவைப் பார்க்கப் போனபோது, சாதி தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரரும் ஏற்றவில்லை. இரட்டிப்புக் கூலி வாங்கிக்கொண்டு ஒருவர் சம்மதித்தார். எப்படி? பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொள்ள வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். 1929-இல் அவர் பாரிஸ்டராகத் திரும்பி வந்த பிறகு, சாலிஸ்கானில் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்ற மறுத்தார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத மகர் இளைஞர் ஒருவர் ஓட்ட, வண்டி பாலத்தில் விபத்துக்குள்ளாகி அம்பேத்கரின் கால் முறிந்தது. 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் பொதுச்சாலையில் நடக்கும் உரிமைக்காகத் தீர்மானம் கொண்டுவந்த இரட்டைமலை சீனிவாசன் நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். அதற்கு நூறு ஆண்டு கழித்து, 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவர் புல்லட் ஓட்டியதற்காகக் கை வெட்டப்பட்டார் என்று புகார் எழுந்து, மூன்று பேர் கைதானார்கள்.

பையனின் கதைக்கு வருகிறேன். பொறியியல் மாணவர்கள் தாங்களே வண்டி கட்டி ஓட்டும் போட்டிகள் இந்தியாவில் உண்டு. 2007 முதல் நடக்கும் பாஹா போட்டி அதில் ஒன்று. குழாய்களை வளைத்துப் பற்றவைத்து ஒற்றை இருக்கை வண்டி செய்து, கரடுமுரடான பாதையில் நான்கு மணி நேரம் ஓட்ட வேண்டும். இப்படியான போட்டிகளுக்குக் கல்லூரி கொஞ்சம் தரும், மீதியை அணி மாணவர்கள் தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். இவன் கல்லூரியிலும் அப்படி ஓர் அணி உருவானது. இவனிடம் தலைவரிப் பணம் இல்லை. “பரவால்ல, நீ வெல்டிங் மட்டும் பாரு” என்றிருக்கிறார்கள். மாமாவின் ஷெட்டில் எட்டாம் வகுப்பிலிருந்து பழகிய கை. மூன்று வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து சேசிஸ் முழுக்கப் பற்றவைத்திருக்கிறான். அணிப் பட்டியல் ஒட்டிய அன்று அவன் பெயர் இல்லை. பணம் கட்டியவர்கள் மட்டும்தான் என்றார்கள். ஓட்டுநர் தேர்வு நடந்தபோது ஸ்டீயரிங்கைத் தொடக்கூட யாரும் அவனைக் கூப்பிடவில்லை. ஸ்காலர்ஷிப் பையன் என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்ததாம். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் பொருள் அகராதி பார்க்காமலே தெரியும்.

இதைக் கேட்டபோது எனக்குச் சார்லி விக்கின்ஸ் ஞாபகம் வந்தார். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்துக் கறுப்பின மெக்கானிக். சிறுவயதில் ஒரு கார் ஷெட் வாசலில் ஷூ பாலிஷ் போட்டவர், அந்த ஷெட்டுக்குள்ளேயே தொழில் கற்றார். அந்த நகரம் உலகப் புகழ்பெற்ற இண்டி 500 பந்தயத்தின் ஊர். ஆனால் கறுப்பர்கள் அதில் ஓட்ட முடியாது. விக்கின்ஸ் காயலான் கடைப் பாகங்களைப் பொறுக்கித் தன் கையால் ஒரு ரேஸ் கார் கட்டினார். கறுப்பின மக்கள் தங்களுக்கென்று 1924-இல் தனிப் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். கோல்டு அண்டு குளோரி என்று பெயர். நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர், மண் பாதையில். பொருட்காட்சி மைதானத்தில் நடந்த அந்தப் பந்தயத்தை விக்கின்ஸ் நான்கு முறை வென்றார்.

அவர் கைவேலை வெள்ளையர்களுக்கும் தெரியும். 1934-இல் பில் கம்மிங்ஸ் என்ற வெள்ளை ஓட்டுநர் இண்டி 500-இல் தன் காரைத் தயார் செய்ய விக்கின்ஸை அழைத்தார். கறுப்பர் மெக்கானிக்காக உள்ளே வர முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? துப்புரவுத் தொழிலாளி என்று சொல்லி உள்ளே வைத்தார்கள். பகலில் துடைப்பம், ஆள் இல்லாதபோது ஸ்பேனர். அந்த ஆண்டு இண்டி 500 வென்றவர் பில் கம்மிங்ஸ்தான். 1936-இல் நடந்த பெரிய விபத்தில் விக்கின்ஸ் தன் காலை இழந்தார். அதன்பிறகும் அவர் தொழிலை விடவில்லை, இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

வெண்டல் ஸ்காட் இன்னொருவர். வர்ஜீனியா மாநிலத்து மெக்கானிக், இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தில் வண்டி பழுது பார்த்தவர். நாஸ்கார் பந்தயத்தில் பிறர் ஓட்டிக் கழித்த கார்களை வாங்கி, மகன்களை உதவிக்கு வைத்துக்கொண்டு ஓட்டினார். 1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில் பந்தயம். அவர் முதலில் வந்தார். வெற்றிக்கொடி இரண்டாவது வந்த வெள்ளையருக்கு அசைக்கப்பட்டது, கோப்பையும் அவருக்கே போனது. கூட்டம் கலைந்த பிறகு, கணக்கில் தவறு என்று சொல்லி ஸ்காட்தான் வென்றார் என ஒப்புக்கொண்டார்கள். அவர் 1990-இல் இறந்துபோனார். அந்தப் பந்தயத்துக்கான கோப்பை அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது 2021-இல்.

தமிழ்நாட்டில் கார் பந்தயத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதையைத் திறந்தது. ஊரப்பாக்கத்திலிருந்து வண்டலூர் வழியாகப் போனால் பக்கம்தான். மலிவான ரேஸ் கார் என்ற எண்ணமும் நமக்குப் புதிதல்ல. கோயம்புத்தூரின் கரிவரதன் 1980-களின் இறுதியில் இதே மாருதி 800-இன் இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தார். வெளிநாட்டுக் கார் வாங்க முடியாதவர்களும் ஓட்டட்டும் என்று அவர் திறந்த வழி அது. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் அந்த வகைக் காரில்தான் தொடங்கினார். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மலிவு என்பது யாருக்கு மலிவு? கரிவரதன் ஆலை முதலாளிக் குடும்பத்தவர். அந்த மலிவுக் காரும் நம் தெருவின் கைக்கு எட்டவில்லை. இந்தப் பாதைகளில் கார்களின் அடியில் படுத்திருந்த கைகளில் நம் கைகளும் உண்டு. வெற்றி மேடைப் படங்களில் அவை தெரிவதில்லை.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 பந்தயம் நடத்த அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் துணை நின்றது. நல்லது. அதே ஆணையம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், அரசுப் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இருங்காட்டுக்கோட்டையில் ஆறு மணி நேரப் பந்தயம் நடத்தினால் என்ன? கண்டம் வண்டி, ஐம்பதாயிரம் ரூபாய் வரம்பு, ஓர் அணிக்கு நான்கு ஓட்டுநர்கள். தலைவரிப் பணம் கூடாது. சேசிஸ் பற்றவைத்தவன் பெயர் ஓட்டுநர் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். கூண்டு, பெல்ட், உடை, போட்டி உரிமம், காப்பீடு ஆகியவற்றுக்குப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அரசு நிதி தரலாம். துணைத்திட்ட நிதியை முறையாக ஒதுக்கிச் செலவிட 2024-இல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். ரேசுக்கா நிதி என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். நம் பிள்ளைகளுக்குத் தையல் மிஷினும் ஆடும் போதும் என்று நினைப்பவர்கள் நம் தரப்பிலும் இருக்கிறார்கள். ஆறு மணி நேரம் ஓடும் ஒரு வண்டியைத் தயார் செய்து காட்டியவனுக்கு எந்தத் தொழிற்சாலையிலும் நேர்காணல் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

மாமாவைப் போன்றவர்களுக்கு ஒரு தகவல். சொந்தமாக ஷெட் வைக்கவோ விரிவாக்கவோ விரும்பும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத முதலீட்டு மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். மாமாவுக்கு நான் சொல்லும் வரை இது தெரியாது.

படிக்கும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பலருக்குப் பந்தயப் பாதை என்பது நள்ளிரவு ஜி.எஸ்.டி. சாலைதான். பைக்கில் முறுக்கிக்கொண்டு போனவர்களின் படங்கள் கறுப்புப் பட்டையோடு சுவரில் ஒட்டப்படுவதைப் பார்த்துவிட்டோம். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவில் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூடக் கிடைக்கும். வழக்கு நம் பையன் மீது எப்படிப் பாயும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இந்த மாருதியும் அப்படித்தான். இப்படி மாற்றியமைத்த வண்டியை 52-ஆவது பிரிவின்படி சாலையில் ஓட்டக் கூடாது. பதிவை ரத்து செய்துவிட்டு, லாரியில் ஏற்றித்தான் பாதைக்குக் கொண்டுபோக வேண்டும். பையன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கான காகிதங்களைத் தயார் செய்துவிட்டான்.

நான் கிளம்பும்போது மாலை ஆகிவிட்டது. இன்ஜினை ஷெட்டுக்குள் ஓர் இரும்புச் சட்டத்தில் நிறுத்தி ஓடவிட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரமாக ஓடுகிறது என்றார்கள். மாமா காதைச் சாய்த்துக் கேட்டு, வால்வு ஒன்றில் லேசாகத் தட்டுகிறது என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மரத்தடியில் பையன் காரின் வெறும் தரையில் ஒரு காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து வைத்து, மாமாவை அதன்மேல் உட்காரச் சொன்னான். சீட் எங்கே பொருத்துவது என்று அளக்க வேண்டுமாம். அவர் எதற்கு, நீ உட்காரேன் என்றேன்.

“முதல் ரெண்டு மணி நேரம் மாமாதான் ஓட்டப்போறார், தோழர். இன்ஜின் மாத்தி சத்தம் போட்டா அவருக்குத்தான் முதல்ல தெரியும்.”

மாமா கூச்சத்தோடு கையைத் துணியில் துடைத்துக்கொண்டே உள்ளே ஏறி உட்கார்ந்தார். பையன் டேப்பை இழுத்து இடுப்பிலிருந்து பெடல் வரை பிடித்து, தரைத்தகட்டில் சாக்பீஸால் எழுதினான்: 92 செ.மீ.